பிறை தெரிந்தால் பெருநாள்: ஆங்கில ‘இஃப்’பும் புத்தளக் கரையும்

ரமழான் 29ஆம் நோன்பு மாலையில் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுத்தான்: ‘பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள்.’ கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை கண்ட அறிவித்தல் வந்துவிட்டால் பேச்சு மாறிவிடும்: ‘விடிந்தால் பெருநாள்.’ பிறை தென்படாமல் முப்பதாவது நோன்பையும் பிடிக்க நேர்ந்தால், மறுநாள் பகலில் யாராவது அலுத்துக்கொள்வார்: ‘நேற்றுப் பிறை தெரிந்திருந்தால் இன்றைக்குப் பெருநாளாக இருக்கும்.’ முதல் வாக்கியத்தைச் சொல்பவருக்கு விடை தெரியாது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவதைச் சொல்பவருக்கு ஐயமே இல்லை, விடியத்தான் போகிறது. மூன்றாவதைச் சொல்பவருக்கு அது நடக்கவில்லை என்று நன்றாகத் தெரியும். மூன்று மனநிலைக்கும் தமிழ் ஒரே ‘ஆல்’ விகுதியைத்தான் தருகிறது. ஆங்கிலம் அப்படி விடாது. முதலாவதுக்கு ‘இஃப் த மூன் இஸ் ஸைட்டட்’ என்று நிகழ்கால வினையும் பின்பாதியில் ‘வில்’லும் வேண்டும். இரண்டாவதில் ‘இஃப்’ வரவே கூடாது. வந்தால், பொழுது விடியுமோ விடியாதோ என்று சொல்பவர் சந்தேகப்படுவதாக ஆங்கிலேயர் திகைப்பார். அங்கே ‘வென்’தான். மூன்றாவதற்கு ‘இஃப் த மூன் ஹேட் பீன் ஸைட்டட்’ என்று வினையை இரண்டு படி பின்னே தள்ளி, பின்பாதியில் ‘வுட்’ போட வேண்டும்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் ‘கொன்டிஷனல்’ என்ற பெயரில் சூத்திரங்களாக வருகிறது. டைப் வண், டைப் டூ, டைப் த்ரீ. பூச்சியம் என்று இன்னொன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு. எந்தப் பாதியில் எந்த வினைவடிவம் என்று பலகையில் கட்டம் போட்டு எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லி, கோடிட்ட இடத்தை நிரப்பப் பழக்குகிறார்கள். பிள்ளைகள் நிரப்பியும் விடுகிறார்கள். பிறகு சொந்தமாக ஒரு வாக்கியம் பேச வேண்டிய இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் ஞாபகக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. இவை மூன்று நான்கு தனித்தனிச் சூத்திரங்களே அல்ல. சொல்லப்படும் காரியம் உண்மைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பேசுபவர் எடுக்கும் ஒரேயொரு தீர்மானத்தின் வெவ்வேறு அடையாளங்கள். அந்தத் தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லும்படி தமிழ் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை, ஆங்கிலம் கட்டாயப்படுத்துகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது, வினைவடிவங்களில் அல்ல. அதைத் தீர்ப்பதற்கான கருவிகளும் இந்தக் கரையில் பேசப்படுகிற, ஓதப்படுகிற மொழிகளிலேயே கிடக்கின்றன.

தமிழ் எந்த இடத்தில் மௌனமாக இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். நடக்காமல் போன பழைய காரியத்துக்குத் தமிழில் தெளிவான வடிவம் உண்டு: ‘வந்திருந்தால் பார்த்திருப்பேன்’ என்று கேட்ட எவரும் ஆள் வந்தாரோ என்று யோசிக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளைகள் பயப்படும் டைப் த்ரீ உண்மையில் நமக்கு நெருங்கிய சொந்தம். வடிவம் நீளமாக இருப்பதால் பயமுறுத்துகிறதே தவிர, பொருள் புதிதல்ல. குழப்பம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ‘காசு இருந்தால் வள்ளம் வாங்குவேன்’ என்று இருவர் சொல்கிறார்கள் என்று வைப்போம். ஒருவருக்கு வங்கிக் கடன் அடுத்த மாதம் கிடைக்கக்கூடும். மற்றவருக்கு அப்படி எந்த வழியும் இல்லை, ஆசையைச் சொல்கிறார். தமிழில் எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம். முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்டு, ஆளின் நிலைமை தெரிந்து நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாமவர் ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் பை எ போட்’ என்பார். இரண்டாமவர் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை எ போட்’ என்பார். முதலாமவர் வங்கி முகாமையாளரிடம் தவறி இரண்டாவதைச் சொல்லிவிட்டால், தன்னிடம் காசு சேரப்போவதில்லை என்று தானே வாக்குமூலம் கொடுத்தது போலாகிவிடும்.

கற்பிட்டிப் பக்கம் இந்த வேறுபாட்டுக்குத் தினப்படி வேலை இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆலங்குடாவிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் டொல்பின் பார்க்க வள்ளங்கள் போகின்றன. மே மாதத்தோடு கச்சான் காற்று ஏறி வெளிக்கடல் கொந்தளிக்க, பட்டம் பிடித்து அலைமேல் ஓடும் கைட் சர்ஃபிங்காரர்கள் களப்புக்கு வருகிறார்கள். இரண்டு பருவத்திலும் வெளிநாட்டு விருந்தினர் கேட்கும் கேள்வி ஒன்றே: நாளைக்குப் போகலாமா? ‘கடல் குழம்பினால் போகமாட்டோம்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு, ‘இஃப் த ஸீ இஸ் ரஃப், வி வோன்ட் கோ’ என்று சொன்னால், கேட்டவர் சரியாகவே விளங்கிக்கொள்வார்: இன்னும் முடிவில்லை, காலையில் கடலைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதையே ‘இஃப் த ஸீ வேர் ரஃப், வி வுடின்ட் கோ’ என்று சொன்னால் அவர் காதில் விழும் செய்தி வேறு. கடல் இப்போது அமைதி, பயப்பட வேண்டாம், பயணம் உண்டு என்பதே அது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனாலும் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு குடும்பம் கரையில் வந்து நிற்கும், வள்ளம் போகாது.

அடுத்ததாக மாணவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. இரண்டாவது வகையில் பேச்சு இன்றைக்கோ நாளைக்கோ பற்றியது. அப்படியிருக்க ‘ஹேட்’, ‘வேர்’, ‘கேம்’ என்று இறந்தகால வடிவம் எதற்கு? ‘அது அப்படித்தான், பாடமாக்கு’ என்பதே வழக்கமான பதில். அதைவிட நல்ல பதில் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. வந்தால், போனால், செய்தால், இருந்தால் ஆகியவற்றைப் பிரித்துப் பாருங்கள். வந்தான், போனான், செய்தான், இருந்தான் என்பவற்றில் நிற்கும் அதே இறந்தகால அடியோடுதான் ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது. ‘வருவால்’ என்றோ ‘வருகிறால்’ என்றோ ஒரு வடிவம் தமிழில் கிடையாது. ‘நாளைக்கு வந்தால்’ என்று எதிர்காலத்தைப் பற்றி இறந்தகால அடியில் பேசும்போது நமக்கு எந்தக் கூச்சமும் ஏற்படுவதில்லை. பழைய தமிழில் இதே வேலையைச் செய்த ‘செயின்’ என்னும் வாய்பாட்டை நன்னூலார் எதிர்கால வினையெச்சங்களோடு சேர்த்து வைத்திருப்பதையும் கவனிக்கலாம். நிபந்தனையின் பார்வை முன்னோக்கியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிலாபம் பக்கம் தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சான்று உண்டு. ‘போனால்’ என்பதற்குச் சிங்களத்தில் ‘கியொத்’, ‘வந்தால்’ என்பதற்கு ‘ஆவொத்’. இரண்டும் ‘கியா’, ‘ஆவா’ என்ற இறந்தகால வினைகளின் அடியில் பிறந்தவை. அதோடு, போகாமல் விட்டதை நினைத்து ‘போயிருந்தால்’ என்று சொல்ல ‘கியா நம்’ என்ற தனி வழியும் சிங்களத்தில் உண்டு. இறந்தகால வடிவம் கடிகாரத்தை மட்டும் காட்டுவதில்லை. கண்முன் இருக்கும் உண்மையிலிருந்து ஓரடி விலகி நிற்பதையும் அதனால் காட்ட முடியும். ஆங்கிலம் செய்திருப்பதும் அதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், தமிழ் எல்லா நிபந்தனைக்கும் அந்த விலகலைப் பொதுவாக வைத்துக்கொண்டது. ஆங்கிலம் நம்பிக்கையில்லாத நிபந்தனைக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டது.

இதிலிருந்து தெரியவரும் வேடிக்கை ஒன்று உண்டு. ‘இஃப் இட் வில் ரெய்ன்’ என்று எழுதும் மாணவனைப் பார்த்து, ‘தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறாய்’ என்று கண்டிப்பது வழக்கம். அவன் உண்மையிலேயே தமிழில் நினைத்திருந்தால் அந்தப் பிழை வந்திருக்காது. தமிழ் நிபந்தனையில் எதிர்கால உருபுக்கே இடமில்லை. ‘நாளை என்றால் வில்’ என்று ஆங்கில வகுப்பிலேயே முந்திய ஆண்டு கற்ற விதிதான் அங்கே புகுந்து கெடுத்திருக்கிறது. தாய்மொழி செய்யாத குற்றத்துக்குத் தாய்மொழி பழி சுமக்கிறது.

புத்தளத்துப் பிள்ளைகளில் பலருக்கு மூன்றாவது உதவியொன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. மத்ரஸாவில் நஹ்வு, அதாவது அரபு வாக்கிய இலக்கணம், படித்தவர்களுக்கு நிபந்தனைச் சொற்கள் பழக்கம். நடக்கும் என்று எதிர்பார்க்கப்படுவதற்கு ‘இதா’. நடக்குமோ நடக்காதோ என்பதற்கு ‘இன்’. நடக்காததற்கும் நடக்கவியலாததற்கும் ‘லௌ’. ஆங்கிலத்தில் ‘வென்’, ‘இஃப்’போடு நிகழ்காலம், ‘இஃப்’போடு இறந்தகாலம் என்று வரும் மூன்றையும் அரபு தனித்தனிச் சொற்களாலேயே பிரித்துவிடுகிறது. ‘விடிந்தால்’ என்பது இதாவின் இடம். 29ஆம் நாள் மாலை ‘பிறை தெரிந்தால்’ என்பது இன்னின் இடம். மறுநாள் அலுப்போடு வரும் ‘தெரிந்திருந்தால்’ லௌவின் இடம். பள்ளிக்கூடத்தில் கொன்டிஷனல் என்றால் தலையைச் சொறியும் பிள்ளை, அதே வேறுபாட்டை அரபில் பிசகாமல் சொல்லிவிடக்கூடும். நடந்து முடிந்ததை நினைத்து ‘லௌ’ சொல்லிக்கொண்டிருப்பது ஷைத்தானின் வேலைக்கு வழிதிறக்கும் என்னும் கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை ஓதியவர்கள் அறிவார்கள். டைப் த்ரீ வாக்கியத்தின் குணத்தை இதைவிடக் கச்சிதமாக எந்த இலக்கண நூலும் பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை: திருத்த முடியாததைத் திருத்திப் பார்க்கும் மனத்தின் வாக்கியம் அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தமிழ் ஒன்றையும் இரண்டையும் பிரிக்காது என்றால், தமிழ் பேசுபவர் மனத்தில் அந்த வேறுபாடே இல்லை என்றுதானே ஆகும்? இல்லாததை எப்படி அங்கிருந்து எடுத்துக் கற்பிப்பது? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. அல்ஃப்ரட் புளூம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981இல் வெளியிட்ட நூலில் சீன மொழியைப் பற்றி இதையே வாதிட்டார். நடக்காததை நடந்ததாக வைத்துப் பேசுவதற்குச் சீனத்தில் தனி வினைவடிவம் இல்லை, அதனால் அப்படிச் சிந்திப்பது சீனருக்குக் கடினம் என்றார். வாசகர்களுக்குக் கதைகள் கொடுத்துச் சோதித்தும் காட்டினார். இரண்டு ஆண்டுகளில், 1983இல், டெரி ஔ என்ற ஆய்வாளர் அந்தச் சீனக் கதைகளின் நடையே செயற்கையானது என்று காட்டி, இயல்பான சீனத்தில் எழுதிச் சோதித்தபோது வாசகர்கள் தடுமாறவில்லை. விவாதம் அதோடு ஓயவில்லை என்றாலும், மொழி ஒன்றை விகுதியால் சொல்லாததனால் அது பேசுபவருக்குத் தெரியாது என்று முடிவுகட்டுவது அவசரம் என்பதாவது தெளிவாகியது. தமிழிலும் ‘ஒருவேளை’, ‘மட்டும்’, ‘என்றால்’ என்று துணைச்சொற்கள் இருக்கின்றன. ‘என்னிடம் மட்டும் காசு இருந்தால்’ என்று நீட்டிச் சொன்னால், காசு இல்லை என்பது யாருக்கும் விளங்கும். வேறுபாடு நமக்குத் தெரியும். அதை வினையில் ஏற்றும் பழக்கம்தான் இல்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் ‘சிலோன் கெஸட்டியர்’ நூலையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’கையும் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டியை நினைத்துக்கொள்ளலாம். சிலாபத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். அவரது வாய்ப்பும் வசதியும் எல்லாருக்கும் கிடைத்தவையல்ல, உண்மைதான். ஆனால் இந்தக் கரையின் தமிழ் அவரை ஆங்கிலத்திலிருந்து தடுக்கவில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு வேறு. ‘இதெல்லாம் சரி, பரீட்சைக்குச் சூத்திரம்தானே வேண்டும்? ஒரு பாதியைக் கொடுத்து மறுபாதியைக் கேட்பார்கள். வில் கண்டால் நிகழ்காலம், வுட் கண்டால் இறந்தகாலம் என்று தெரிந்தால் புள்ளி கிடைத்துவிடும்.’ கிடைக்கும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், நாற்பது நிமிடப் பாடத்தில் வேறென்ன செய்வது என்ற அவர்களுடைய இக்கட்டையும் நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் பரீட்சை ஒரு பாதியைக் கொடுத்துவிடுகிறது என்பதே அதன் குறை. அந்தப் பாதியில் தீர்மானத்தை வினாத்தாள் எடுத்து முடித்துவிட்டது. பிள்ளை பொருத்தம் மட்டும் பார்க்கிறது. வெளியே கடிதம் எழுதும்போது எந்தப் பாதியையும் யாரும் தரமாட்டார்கள். அதோடு, இந்த மாவட்டத்தின் கனமான ‘இஃப்’ வாக்கியம் மூன்று கட்டங்களில் ஒன்றிலும் அடங்காது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில்தான் வந்து தங்கினார்கள். ‘அன்றைக்கு வெளியேற்றப்படாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மன்னாரில் இருப்போம்’ என்ற வாக்கியத்தின் முன்பாதி பழைய காலம், பின்பாதி இன்று. ஆங்கிலத்தில் முன்பாதிக்கு ‘ஹேட் நொட் பீன்’, பின்பாதிக்கு வெறும் ‘வுட் பி’. நேற்றுத் தெரியாத பிறையைப் பற்றிய வாக்கியமும் இதே வார்ப்புத்தான். டைப் த்ரீயை அச்சொட்டாகப் பாடமாக்கிய பிள்ளை இங்கே ‘வுட் ஹேவ் பீன்’ என்று எழுதி, இன்றைய வாழ்வைப் பற்றிய பேச்சையும் முடிந்துபோன கதையாக்கிவிடும். தூரத்தையும் காலத்தையும் இரண்டு பாதிக்கும் தனித்தனியே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த வாக்கியம் புது வகையே அல்ல.

ஆங்கிலேயரே இதையெல்லாம் ஒழுங்காகப் பார்ப்பதில்லையே என்பது மூன்றாவது மறுப்பு. பாதி சரி. ‘இஃப் ஐ வேர்’ என்று இலக்கணம் விதிக்கும் இடத்தில் ‘இஃப் ஐ வொஸ்’ என்பது எங்கும் கேட்கிறது. இப்படிப்பட்ட பழைய வினைவடிவங்கள் சாகக் கிடக்கின்றன என்று ஃபௌலர் 1926இலேயே தம் மொழிப் பயன்பாட்டு நூலில் எழுதிவிட்டார். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று அமெரிக்கர் பலர் தாராளமாகப் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் எதை மீறுகிறார்கள், எதை மீறவில்லை என்று பாருங்கள். ‘வேர்’ போய் ‘வொஸ்’ வந்தாலும் அது இறந்தகாலமே. பின்வாங்கல் அப்படியே நிற்கிறது. ‘இஃப் ஐ ஆம் யு’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. தேய்வது மேற்பூச்சு. நம்மூர்ச் சரிபார்ப்போ மேற்பூச்சில் சிவப்பு மை பூசிவிட்டு, ‘இஸ்’ஸா ‘வேர்’ரா என்ற பெரிய தேர்வைக் கவனிக்காமல் விடுகிறது.

பேச்சில் தவறினால் முகம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். காகிதத்தில் அது முடியாது. அபிவிருத்தித் திட்டங்களின் சூழல் தாக்க அறிக்கைகளில் ‘வுட்’ மலிந்திருக்கும்: திட்டம் அனுமதிக்கப்பட்டால் இன்னின்ன நேரும் என்று, ‘இஃப்’ பாதியைச் சொல்லாமல் மறைத்து எழுதும் நடை அது. அதை ‘வில்’ என்று வாசிப்பவர் எல்லாம் முடிவாகிவிட்டது என்று எண்ணி, பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலத்தை வீணே கழியவிட்டுவிடுவார். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் கரைக்கு இது சின்ன விஷயமல்ல. வளைகுடா நாட்டு வேலை ஒப்பந்தங்களில் வரும் ‘அன்லெஸ்’ இன்னொரு கண்ணி. ‘இல்லாவிட்டால்’ என்ற எதிர்மறை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் வாசித்தால் நிபந்தனை தலைகீழாகிவிடும்.

கடைசியாக, பாடநூல்கள் ஒரு காற்புள்ளி விதியோடு கடந்துபோகும் வாக்கிய ஒழுங்கு. தமிழில் நிபந்தனை பெரும்பாலும் முன்னே வரும். ‘காற்று விழுந்தால்’ என்று கேட்ட மாத்திரத்தில் நம் காது அடுத்ததற்குக் காத்திருக்கும். ஆங்கிலத்தில் விருந்தினர் ‘வி வில் கம் அட் சிக்ஸ்’ என்று தொடங்கி, மூச்சு விட்டு, ‘இஃப் த விண்ட் ட்ராப்ஸ்’ என்று முடிக்கலாம். தமிழ்க் காது ‘சிக்ஸ்’ஸோடு வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றப் போய்விடும். எழுதும் பயிற்சியால் இது சரியாகாது. பின்னே ‘இஃப்’ வரும் வாக்கியங்களைக் காதால் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். வானிலை அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் வெளிவருவதால், ஒரே செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் நிபந்தனை வந்தது, சொல்பவர் அது நடக்கும் என்று நினைக்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்கலாம். வினைவடிவத்தைப் பிள்ளை பிறகு எழுதட்டும்.